துணைக்கு மறைவாக இன்னொரு வாழ்க்கை: சந்தேகம் எழுந்த நாள் முதல் செய்ய வேண்டியவை

கணவனோ மனைவியோ ஊர் அறியாமல் இன்னொரு குடும்பம் வைத்திருப்பது வெளிச்சத்துக்கு வரும்போது, நம் வீடுகளில் முதலில் நடப்பது சண்டை. அடுத்து பெரியவர்கள் கூடிப் பேசுகிறார்கள். பேச்சு முறிந்த பிறகுதான் யாராவது ஒருவர் பத்திரங்களையும் நகைகளையும் தேடத் தொடங்குகிறார். இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதே இங்கே சொல்ல வருவது. ரகசியம் பத்திரமாக இருந்த ஆண்டுகளைவிட, அது உடையும் வாரங்களிலும், "இனி சேர்ந்து வாழ முடியாது" என்று ஒருவர் சொல்லிவிட்ட வாரங்களிலும்தான் உயிருக்கு ஆபத்து மிகுதி. ஆகவே முதலில் பாதுகாப்பு, அடுத்து ஆவணங்கள், அதன் பிறகே கேள்வி.

செட்டிநாட்டில் இதைப் பேசுவதற்குத் தனிச் சிரமம் ஒன்று உண்டு. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் இலங்கைக்கும் கொண்டுவிக்க, அதாவது வணிகம் செய்யப் போனவர்கள் மூன்றாண்டுக் கணக்கு முடிந்தே ஊர் திரும்பிய காலத்தில், அக்கரையில் சிலருக்கு வேறொரு வீடு இருந்ததும், இங்கிருந்த ஆச்சிமார் அதை அறிந்தும் அறியாதவர்போல் வளவில் விளக்கேற்றி வாழ்ந்ததும் பழைய கதைகள். அந்தச் சகிப்பைப் பெருமையாகச் சொல்லும் பெரியவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அக்கரை வீட்டுக்கும் இக்கரை வீட்டுக்கும் நடுவே அன்று கடல் இருந்தது. இன்று இரண்டு வீடுகளும் ஒரே வங்கிக் கணக்கில், ஒரே கைபேசியில், சில சமயம் காரைக்குடிக்கும் திருச்சிக்கும் இடையே இரண்டு மணி நேரத் தொலைவில் இருக்கின்றன. மறைப்பவருக்கு நெருக்கடி முற்றுவதும் அதனால்தான்.

ஆபத்தின் அடையாளங்கள்

மறைவாக ஒரு உறவு இருப்பதாலேயே ஒருவர் கொலைகாரர் ஆகிவிடுவதில்லை. மிகப் பெரும்பாலான வழக்குகள் பிரிவிலோ ஜீவனாம்சத்திலோ முடிகின்றன. கைபேசியைக் கவிழ்த்து வைப்பது, அடிக்கடி வெளியூர் போவது போன்றவற்றைப் பற்றி நான் அதிகம் எழுதப்போவதில்லை. அவை சந்தேகத்தைத் தருமே தவிர ஆபத்தை அளக்க உதவா. அளக்க உதவுபவை வேறு. முன்பு எப்போதாவது உங்கள் கழுத்தை நெரித்திருக்கிறாரா? "நீ இல்லாவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்" என்ற பொருளில் பேசியிருக்கிறாரா? உங்கள் பெயரில் புதிதாக ஆயுள் காப்பீடு எடுத்து, விண்ணப்பத்தில் அவசரமாகக் கையெழுத்து வாங்கினாரா? பூர்வீகப் பங்கையோ உங்கள் பெயரில் உள்ள மனையையோ தன் பெயருக்கு எழுதித் தரச் சொல்லி வற்புறுத்துகிறாரா? உங்கள் பெற்றோர், உடன்பிறந்தவர்களுடன் பேசுவதைக் குறைக்கிறாரா? ஆண்டுக்கணக்கில் அடுப்படிப் பக்கம் வராதவர் திடீரென்று தம் கையால்தான் பாலும் மாத்திரையும் தருவேன் என்கிறாரா? இவற்றில் கழுத்தை நெரித்தது ஒன்று மட்டுமே இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். முன்பு நெரித்த கை பின்னாளில் கொலை செய்யும் வாய்ப்பு பல மடங்கு அதிகம் என்பது குடும்ப வன்முறையை ஆராய்ந்தவர்கள் உறுதியாகச் சொல்லும் செய்தி.

சந்தேகம் எழுந்ததும், நடப்பவற்றைத் தேதியிட்டு எழுதி, வீட்டுக்கு வெளியே ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். உடன்பிறந்தவருக்கோ தோழிக்கோ கடிதமாக எழுதினாலும் போதும். இப்போதைய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 26ஆம் பிரிவின்படி, இறந்துபோனவர் தம் மரணத்துக்கு இட்டுச்சென்ற சூழ்நிலையைப் பற்றி எழுதியதும் சொன்னதும் சாட்சியமாகும். 1984இல் சரத் பிர்திசந்த் சர்தா வழக்கில், நஞ்சால் இறந்த இளம் மனைவி தம் வீட்டாருக்கு எழுதிய கடிதங்களை உச்ச நீதிமன்றம் சாட்சியமாக ஏற்றது. ஆனால் மற்றக் கண்ணிகள் முழுமையாகச் சேரவில்லை என்பதால் கணவர் விடுதலையானார். கடிதம் மட்டும் வழக்கை வெல்லாது என்பதையும் அதே தீர்ப்பிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டும்.

கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

இந்தப் பகுதியில் செட்டிநாட்டவருக்கு ஓர் அனுகூலம் இருக்கிறது. பலரும் அதை உணர்வதில்லை. நகரத்தார் திருமணத்தில் இரு வீட்டுப் பெரியவர்களும் கையெழுத்திட்டு எழுதிக்கொள்ளும் இசைகுடிமானம், திருமணத்தை எழுத்தில் காட்டும் சான்று. மணமானதும் தம்பதியர் ஒரு புள்ளியாக, அதாவது தனிக் குடும்பமாகக் கோயில் கணக்கில் ஏறுகிறார்கள். இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, பிள்ளையார்பட்டி உள்ளிட்ட ஒன்பது நகரக் கோயில்களில் உங்களுடையது எதுவோ, அந்தக் கோயில் கணக்கு இன்னொரு சான்று. 2009ஆம் ஆண்டுத் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டத்தின்படி சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்வது கட்டாயம் என்பதால், இவை அந்தப் பதிவுக்கு மாற்றாகமாட்டா. ஆனால் "இவள் என் மனைவியே இல்லை" என்று பின்னாளில் ஒருவர் நீதிமன்றத்தில் சொல்லும்போது, அவருடைய அப்பச்சியின் (தந்தையின்) கையெழுத்தைத் தாங்கிய ஒரு தாள் பத்துச் சாட்சிகளுக்குச் சமம்.

அடுத்தது சாமான் சிட்டை. பெண் வீட்டார் சாமான் பரப்பிய அன்று எழுதிய பட்டியலில் வைரத்தோட்டின் கல் எண்ணிக்கையிலிருந்து எவர்சில்வர் அடுக்கு, மங்குப் பாத்திரம், தடுக்கு வரை வரிசையாக இருக்கும். அது பழைய நோட்டுப் புத்தகத்தில், மஞ்சள் தடவிய முதல் பக்கத்துடன், பெரும்பாலும் உங்கள் ஆத்தாவின் பெட்டகத்திலேயே கிடக்கும். அதைத் தேடி எடுத்து ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுங்கள். சீர்முறைகளை எழுதிய முறைச்சிட்டையையும் மொய்ப்பண ஏட்டையும் விட்டுவிடாதீர்கள். மனைவிக்கு வந்த சீர்தனம் மனைவியுடையதே என்றும், அதைக் கணவர் வீட்டில் வைத்திருப்பது நம்பி ஒப்படைத்த பொருளை வைத்திருப்பதுபோலத்தான் என்றும், திருப்பித் தர மறுத்தால் நம்பிக்கை மோசடிக் குற்றம் ஆகும் என்றும் 1985இல் பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. என்னென்ன வந்தன என்று நிரூபிக்க முடியாமல்தான் பெரும்பாலான பெண்கள் அந்த உரிமையை இழக்கிறார்கள். செட்டிநாட்டுப் பெண்ணுக்கு அந்தக் குறை இருக்கத் தேவையில்லை.

நிலம், மனை, வீட்டுப் பங்கு ஆகியவற்றுக்குப் பதிவுத் துறையின் இணையதளத்தில் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். உங்களுக்குத் தெரியாமல் அடமானமோ தானமோ விற்பனையோ பதிவாகியிருந்தால் அதில் தெரிந்துவிடும். பட்டா யார் பெயரில் இருக்கிறது என்பதையும் அப்போதே சரிபார்க்கலாம். மறைவாக இன்னொரு வீட்டை நடத்துபவரின் பணம் ஏதோ ஒரு பதிவேட்டில் தடம் விட்டே தீரும். வங்கிப் பெட்டகம் இருவரில் யார் வேண்டுமானாலும் திறக்கலாம் என்ற முறையில் இருந்தால், உங்கள் நகைகளை உங்கள் பெயரில் மட்டும் உள்ள பெட்டகத்துக்கு மாற்றுங்கள். உங்கள் ஆயுள் காப்பீட்டில் நியமனதாரரை மாற்றுவதற்கு யாருடைய சம்மதமும் தேவையில்லை; காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்து, பதிந்துகொண்டதற்கான சான்றை வாங்கிக்கொள்ள வேண்டும். நீங்கள் இறந்தால் பணம் யாருக்குப் போகிறது என்பதை மாற்றிவிட்டால், உங்களைக் கொல்வதற்கான ஒரு காரணம் குறைகிறது. கேட்கக் கசப்பாக இருந்தாலும் அதுவே கணக்கு.

எதைத் தேடலாம், எதைத் தேடக் கூடாது

துணையின் கைபேசியில் வேவுச் செயலியை ஏற்றுவது, துப்பறியும் நிறுவனத்துக்குப் பணம் கொடுத்து அழைப்பு விவரங்களை வாங்குவது ஆகிய இரண்டையும் தவிர்த்துவிடுங்கள். பரமக்குடி நீதிமன்றத்தில் நடந்த ஒரு விவாகரத்து வழக்கில், கணவர் மனைவிக்குத் தெரியாமல் எடுத்துத் தாக்கல் செய்த அழைப்பு விவரங்களை ஏற்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2024இல் தீர்ப்பளித்தது. தம்பதியர் தமக்குள் பேசியதை ஒருவர் பதிவு செய்திருந்தால் குடும்ப வழக்கில் அதை ஏற்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2025இல் சொல்லியிருக்கிறது. இரண்டும் ஒன்றல்ல: தாம் பங்குகொண்ட உரையாடல் வேறு, பிறருடைய பதிவேட்டைத் திருடுவது வேறு. எந்தப் பதிவையும் வெட்டாமல், அது பதிவான கருவியோடு பத்திரப்படுத்துங்கள். மின்னணுச் சாட்சியத்துக்குச் சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழ் தேவைப்படும்.

இரண்டாம் திருமணம் நடந்திருக்கிறது என்று தெரிந்தால், அது எப்படி நடந்தது என்பதுதான் கேள்வி. இருவரும் ஒரே வீட்டில் வாழ்கிறார்கள், பிள்ளை இருக்கிறது, ஊரார் கணவன் மனைவி என்கிறார்கள் என்பவை மட்டும் இருதார மணக் குற்றத்தை நிரூபிக்கப் போதாது. சட்டம் ஏற்கும் சடங்கு முறைப்படி நடந்தது என்று காட்ட வேண்டும். தமிழ்நாட்டில் இது ஓரளவு எளிது. 1967இல் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தத்தால் இந்துத் திருமணச் சட்டத்தில் சேர்ந்த 7ஏ பிரிவின்படி, உற்றார் நண்பர் முன்னிலையில் மாலை மாற்றுவதோ மோதிரம் அணிவிப்பதோ தாலி கட்டுவதோ திருமணமாகும். ஆகவே ஏதோ ஒரு கோயில் வாசலில் நாலு பேர் நடுவே எடுத்த தாலிகட்டும் படமும், அதில் நிற்கும் ஒருவரின் சாட்சியமும் மிகப் பெரிய ஆதாரம்.

இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 82ஆம் பிரிவின்படி இருதார மணத்துக்கு 7 ஆண்டுகள் வரை சிறை. முதல் திருமணத்தை இரண்டாமவரிடம் மறைத்திருந்தால் 10 ஆண்டுகள் வரை. காவல் நிலையம் நேரடியாக வழக்குப் பதியாத குற்றம் இது என்பதால், பாதிக்கப்பட்டவர் நடுவர் நீதிமன்றத்தில் தனிப் புகார் கொடுக்க வேண்டும். மனைவிக்காக அவருடைய தந்தை, தாய், உடன்பிறந்தவர், பெற்றோரின் உடன்பிறந்தவர் ஆகியோரும் கொடுக்கலாம். அம்மான்மார் சீரோடு நிற்காமல் இங்கும் முன்நிற்கச் சட்டம் இடம் தந்திருக்கிறது. திருமணம் இல்லாத உறவு 2018இல் ஜோசப் ஷைன் தீர்ப்புக்குப் பிறகு குற்றமல்ல. விவாகரத்துக்குக் காரணம் மட்டுமே. துணை அரசு ஊழியராக இருந்தால், மனைவி இருக்கையில் மறுமணம் செய்வது நடத்தை விதி மீறலும் ஆகும். வேலை போய்விடும் என்ற அச்சம் அவரை எந்த அளவுக்கு விரட்டக்கூடும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

அந்த இன்னொரு பெண்ணை எதிரியாகவே தொடங்க வேண்டாம். தம்மை முதல் மனைவி என்றே நம்பிக்கொண்டிருப்பவர்கள் பலர். அவரும் ஏமாற்றப்பட்டவராகவும், அதே ஆபத்தில் இருப்பவராகவும் இருக்கலாம். வழக்கில் உங்களுக்கு மிக வலுவான சாட்சியாகவும் அவரே வரக்கூடும். அவருடைய பிள்ளைகளுக்கும் இந்துத் திருமணச் சட்டத்தின் 16ஆம் பிரிவின்படி தகப்பன் சொத்தில் உரிமை உண்டு என்பதை ஏற்றுக்கொண்டு பேசினால் பாதிப் பகை அடங்கும்.

கேட்கும் இடம், கேட்கும் நேரம்

நம் வீடுகளின் அமைப்பை ஒரு முறை மனத்தில் நடந்து பாருங்கள். முகப்பு ஒரு தெருவில், பின்கட்டின் கதவு அடுத்த தெருவில்; நடுவே பட்டாலை, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி. பத்துப் பங்காளிகளின் வீட்டில் ஒன்பது பேர் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்க, திறந்திருப்பது இரண்டு அறைகள்தாம். இரண்டாம் கட்டில் ஒருவர் கத்தினால் முகப்பில் உட்கார்ந்திருக்கும் காவல்காரருக்கே கேட்காது. அந்த வீட்டுக்குள், இரவில், தனியாக, "எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது" என்று சொல்லக் கூடாது. "கடைசியாக ஒரு முறை பேசிவிடுவோம், பூட்டிக் கிடக்கும் ஊர் வீட்டுக்கு வா" என்றோ, "கோயிலுக்குப் போய் வருவோம், காரில் நாம் இருவர் மட்டும்" என்றோ அழைப்பு வந்தால் மறுத்துவிடுங்கள்; காரணம் சொல்லத் தேவையில்லை.

பேசத்தான் வேண்டுமென்றால் பகலில், வழக்கறிஞர் அலுவலகத்திலோ நகரத்தார் விடுதியிலோ, உங்கள் தரப்பில் இருவராவது உடன் இருக்கப் பேசுங்கள். அதற்கு முந்திய நாளே நீங்களும் பிள்ளைகளும் வேறு வீட்டில் தங்கியிருக்க வேண்டும். அசல் ஆவணங்கள், மருந்துகள், கொஞ்சம் ரொக்கம் உங்களுடன் இருக்க வேண்டும். நடுவில் இருந்து பேச வரும் தாயபிள்ளைகள் நல்லவர்களாகவே இருந்தாலும் அவர்களின் கவலை பெரும்பாலும் வேறு. "ஊர் சிரிக்கும் ஆச்சி, பேத்திக்கு நாளைக்குச் சம்பந்தம் பேச வேண்டாமா, உள்ளுக்குள்ளேயே முடித்துக்கொள்வோம்" என்பார்கள். அந்தக் கூட்டத்தில் வெற்றுத்தாளிலோ விடுதலைப் பத்திரத்திலோ கையெழுத்துப் போடாமல் எழுந்து வருவது மரியாதைக் குறைவு ஆகாது.

மிரட்டலோ அடியோ நேர்ந்தால் 112, பெண்களுக்கு 181. காவல் நிலையத்தில் மனு கொடுத்தால் மனுவைப் பதிந்துகொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். செட்டிநாடு சிவகங்கை, புதுக்கோட்டை ஆகிய இரு மாவட்டங்களில் பரந்திருப்பதால் "இது எங்கள் எல்லை இல்லை" என்ற பதில் எளிதில் வரும்; 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவின்படி, கைது செய்யத்தக்க குற்றத்துக்கு எந்த நிலையமும் எல்லை பாராமல் முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும். மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் உள்ள பாதுகாப்பு அலுவலர் மூலமாகக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005இன்படி பாதுகாப்பு ஆணையும் வசிப்பிட ஆணையும் கேட்கலாம். வீடு மாமனார் பெயரில் இருக்கிறது, பங்காளிகளின் பொதுச்சொத்து என்று சொல்லி உங்களை வெளியேற்றப் பார்த்தால் 2020ஆம் ஆண்டின் சதீஷ் சந்தர் அஹுஜா தீர்ப்பை உங்கள் வழக்கறிஞருக்கு நினைவுபடுத்துங்கள். பெண் குடும்பமாக வாழ்ந்த வீடு கணவரின் உறவினர் பெயரில் இருந்தாலும் அங்கு வசிக்கும் உரிமையைக் கோரலாம் என்று அது சொல்கிறது.

ஏமாற்றப்பட்டவர் கணவராக இருந்தால் இந்த 2005ஆம் ஆண்டுச் சட்டம் அவருக்கு உதவாது. மற்ற எல்லாம் அவருக்கும் பொருந்தும். அவரிடம் கூடுதலாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. 1952இல் சென்னையில் பேனா வியாபாரம் செய்த ஆளவந்தார் என்பவர், மனைவிக்கு மறைவாக வைத்திருந்த உறவின் முடிவில், அந்தப் பெண்ணின் வீட்டில் கொல்லப்பட்டார். தலையற்ற உடல் டிரங்குப் பெட்டியில் அடைக்கப்பட்டுப் போட் மெயில் ரயிலில் வந்து, நம் பக்கத்து மானாமதுரையில் நாற்றத்தால் கண்டுபிடிக்கப்பட்டது. இராணுவத்தில் பணியாற்றியபோது பதிந்த கைரேகை அவரை அடையாளம் காட்டியது. அந்தப் பெண்ணும் அவர் கணவரும் தண்டனை பெற்றார்கள். ஆத்திரத்தில் செய்தேன் என்பது எப்போதும் எடுபடாது. மனைவியின் உறவை அறிந்த பிறகு துப்பாக்கி எடுத்துப் போய்ச் சுட்ட நானாவதியின் வழக்கில், இடையில் கழிந்த நேரம் மனம் தணியப் போதுமானது என்று சொல்லி உச்ச நீதிமன்றம் 1961இல் ஆயுள் தண்டனையை உறுதி செய்தது. கை நடுங்கும் அளவுக்குக் கோபம் வந்தால் அந்த வீட்டை விட்டு வெளியேறுவது உங்களுக்கும் பாதுகாப்புத்தான்.

மரணம் நேர்ந்துவிட்டால், பிறந்த வீட்டாருக்கு

"நெஞ்சுவலி", "கிணற்றடியில் வழுக்கி விழுந்துவிட்டாள்", "மாடிப்படி" என்று செய்தி வரும். கூடவே, வெயிலுக்கு முன் எடுத்துவிட வேண்டும் என்ற அவசரமும் வரும். சந்தேகம் இருந்தால் தகனத்தை நிறுத்துவதுதான் முதல் வேலை. எரிந்த உடலிலிருந்து பெரும்பாலான நஞ்சுகளைக் கண்டுபிடிக்க முடியாது. சடலத்தைக் குளிப்பாட்டவும் உடை மாற்றவும் விடாமல், உடனே காவல் நிலையத்தில் எழுத்து மூலமாகப் புகார் கொடுங்கள்; மறைவான உறவு, காப்பீடு, சொத்துத் தகராறு, முந்திய மிரட்டல்கள் ஆகியவை முதல் புகாரிலேயே இடம்பெற வேண்டும். பிறகு சேர்த்துச் சொன்னால், "அன்றைக்கு ஏன் சொல்லவில்லை" என்ற கேள்வி விசாரணை முழுவதும் துரத்தும்.

திருமணமாகி ஏழு ஆண்டுகளுக்குள் பெண் இறந்திருந்து, குற்றம் நடந்திருக்கலாம் என்ற நியாயமான ஐயமோ உறவினரின் கோரிக்கையோ இருந்தால், நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194ஆம் பிரிவின்படி உடலைப் பிரேதப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். கோட்டாட்சியர் விசாரணையும் நடக்கும். அந்த விசாரணையில் பெண்ணின் ஆத்தாவும் அப்பச்சியும் தனியாக வாக்குமூலம் கொடுக்கலாம். மாப்பிள்ளை வீட்டார் பக்கத்தில் நிற்க வேண்டியதில்லை. பரிசோதனையை வீடியோ எடுக்கவும், உள்ளுறுப்பு மாதிரிகளைத் தடய அறிவியல் ஆய்வகத்துக்கு அனுப்பவும் எழுத்தில் கேளுங்கள். இறந்தவரின் கைபேசியைத் தொட்டுத் திறந்து பார்க்காமல் காவலரிடம் ஒப்படைத்து ரசீது பெறுங்கள். தெருவில் உள்ள கடைகளின் கண்காணிப்புக் கேமராப் பதிவுகள் சில நாட்களிலேயே தாமாக அழிந்துவிடும் என்பதால் அவற்றைக் கைப்பற்றும்படி முதல் நாளே மனு கொடுங்கள். படுக்கையறை, அடுப்படி, மருந்து அலமாரி ஆகியவற்றைத் துப்புரவு செய்ய யாரையும் அனுமதிக்காதீர்கள். துக்க வீட்டில் உதவும் எண்ணத்தோடு டம்ளரைக் கழுவி வைத்துவிடும் நல்ல மனிதர்களால் ஆதாரம் போன வழக்குகள் உண்டு.

சொத்தைப் பொறுத்தவரை, இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு கொன்றவருக்கும் கொலைக்கு உடந்தையானவருக்கும் வாரிசுரிமை இல்லை என்கிறது. அதனால் வாரிசுச் சான்று, வங்கிப் பெட்டகம், காப்பீட்டுத் தொகை ஆகியவற்றுக்கு வழக்கு நிலுவையில் இருப்பதை எழுத்தில் தெரிவித்து ஆட்சேபம் போட்டுவையுங்கள். முதல் தகவல் அறிக்கையின் நகல் தகவல் கொடுத்தவருக்கு இலவசம். புலனாய்வு எந்த நிலையில் இருக்கிறது என்று காவல்துறை 90 நாட்களுக்குள் தெரிவிக்கவும் வேண்டும். தெரிவிக்காவிட்டால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு மனு கொடுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் நடுவர் நீதிமன்றத்தை அணுகலாம். அரசு வழக்கறிஞருக்கு உதவியாகச் சொந்த வழக்கறிஞரை வைத்துக்கொள்ள நீதிமன்ற அனுமதி கேட்கலாம். கீழமை நீதிமன்றம் விடுவித்தாலும் குறைந்த குற்றத்துக்குத் தண்டித்தாலும் பாதிக்கப்பட்டவர் என்ற முறையில் பெற்றோரே மேல்முறையீடு செய்ய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 413ஆம் பிரிவு வழி செய்கிறது.